மதிப்பீடு செய்யவே மறுத்தால், விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைகளுக்கு இ.எச்.சி. பிளான் (EHC plan, பிள்ளைக்குத் தர வேண்டிய உதவிகளைச் சட்டப்படி எழுதிக் கொடுக்கும் ஆவணம்) கிடைத்தால் பாடசாலையில் என்னென்ன உதவி கேட்கலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை. ஆனால் எங்கள் குடும்பங்கள் பலவற்றில் விஷயம் அந்த இடத்துக்கு வந்து சேருவதே இல்லை. பிளான் தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டைச் செய்யவே கவுன்சில் (உள்ளூராட்சி சபை) மறுத்துவிடுகிறது.

என் மகனுக்கும் அதுதான் நடந்தது. "பாடங்களில் வயதுக்கேற்ற நிலையில் இருக்கிறார், பாடசாலை தன்னிடம் உள்ள வளங்களைக் கொண்டே சமாளிக்கலாம்" என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அவன் சரளமாக வாசிப்பான், உண்மைதான். வாசித்த கதையில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. பாடசாலை விட்டு வரும்போது சட்டைக் கொலர் கடித்துக் கடித்து ஈரமாக இருக்கும். வகுப்பில் சத்தம் போடாத பிள்ளை என்பதால் அவனுக்குக் கஷ்டமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாட நிலையோடு பிள்ளையின் மனநிலையையும் மற்றவர்களோடு பழகும் விதத்தையும் பார்க்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டி விதிக்கோவையே சொல்கிறது.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 36ஆம் பிரிவு கேட்பது அதிகமில்லை. பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கக்கூடும், அதற்கு பிளான் வழியாக உதவி தேவைப்படக்கூடும் என்று தெரிந்தாலே கவுன்சில் மதிப்பீடு செய்தாக வேண்டும். ஆனால் பல கவுன்சில்கள் தங்கள் பாட்டில் வேறு நிபந்தனைகளை வைத்திருக்கின்றன: பாடசாலை ஏற்கெனவே 6,000 பவுண் செலவழித்ததற்குக் கணக்கு வேண்டும், இத்தனை தவணை உதவி செய்து பார்த்திருக்க வேண்டும், கல்வி உளவியலாளர் அறிக்கை வேண்டும் என்று. இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்குத் தாங்கவே முடியாதது. மதிப்பீடு தொடங்கினால் கல்வி உளவியலாளரின் ஆலோசனையைப் பெற வேண்டியது கவுன்சிலின் கடமை. அதையே முன்கூட்டிக் கொண்டு வா என்றால், தனியாரிடம் நூற்றுக்கணக்கான பவுண் கட்ட முடிந்தவரின் பிள்ளைக்குத்தான் கதவு திறக்கும்.

கவுன்சில்களிடம் காசில்லை, உளவியலாளர்களுக்கும் தட்டுப்பாடு. 2023இல் ஏறக்குறைய பாதி பிளான்கள்தான் சட்டம் சொல்லும் 20 வாரத்துக்குள் முடிந்தன. அந்த நெருக்கடி எனக்கும் விளங்குகிறது. ஆனால் அதற்காக ஒரு பிள்ளையைப் பார்க்காமலே தட்டிக்கழிக்கச் சட்டத்தில் இடமில்லை.

நான் மேன்முறையீடு செய்தேன். இந்த மேன்முறையீடுகளை விசாரிக்கும் ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) தீர்ப்புச் சொல்லும் முன்பே கவுன்சில் இறங்கி வந்து, மதிப்பீடு செய்கிறோம் என்றது. இடையில் என் பிள்ளையிடம் எந்த மாற்றமும் இல்லை. புதிதாக ஒரு அறிக்கைகூட நான் கொடுக்கவில்லை. அப்படியானால் முதலில் மறுத்தது எதற்காக? 2023–24இல் தீர்ப்பு வரை போன விசேட கல்வி மேன்முறையீடுகளில் 98 சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு வகையில் பெற்றோர் பக்கமே முடிந்தன. போராடத் தெரிந்தவர்களின் கணக்கு இது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களின் பிள்ளைகள் இதில் இல்லை. அவர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால்தான் பிந்துகிறான், பொறுத்துப் பார்ப்போம்" என்று பாடசாலை சொன்னதைக் கேட்டுக் காத்திருக்கும் தாய்மாரையும் எனக்குத் தெரியும். வீட்டு மொழி வேறு என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று சொல்ல முடியாது என்கிறது சட்டம். சரி, அதற்காக உண்மையான குறைபாட்டை மொழியின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதும் நியாயமா?

ஆகவே பெற்றோரே, பாடசாலை கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மதிப்பீடு கேட்டு நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம். 6 வாரத்துக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால், அந்தக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 2 மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு முன் மீடியேஷன் (நடுவர் ஒருவரை வைத்துப் பேசித் தீர்ப்பது) ஆலோசகரிடம் பேசிச் சான்றிதழ் எடுக்க வேண்டும், ஆனால் மீடியேஷனில் உட்காரத்தான் வேண்டும் என்பதில்லை. சான்றிதழ் கிடைத்து 1 மாதம் வரையும் அவகாசம் உண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மதிப்பீட்டு மறுப்பு வழக்குகள் பெரும்பாலும் காகிதங்களை வைத்தே தீர்க்கப்படுகின்றன, ஆங்கிலத்தில் வாதாட வேண்டுமே என்ற பயம் வேண்டாம். இப்ஸியா (IPSEA) என்ற தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரிக் கடிதங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கால அவகாசங்களைத் தமிழில் ஒரு பக்கமாகப் போட்டுத் தாருங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள் அதைப் பிரதியெடுத்து வாசலில் ஒட்டட்டும். கவுன்சிலர்களிடமும் ஒன்று கேட்போம்: எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பீடு மறுத்தீர்கள், அதில் எத்தனை முடிவைப் பிறகு நீங்களே மாற்றினீர்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
லண்டன்