கார்ல மாட்டிக்கிட்ட சிடி

கண்ணா,

சாப்டியா? இத வாய்ஸ் மெசேஜா அனுப்பலாம்னு தான் இருந்தேன், ஆனா நீ அத டபுள் ஸ்பீடுல ஓடவிட்டு கேப்பேன்னு தெரியும், அதான் உக்காந்து டைப் பண்றேன், அதுவும் தமிழ்ல. பனி கொட்டுற சனிக்கிழமை எல்லாம் உன்ன தமிழ் ஸ்கூலுக்கு இழுத்துட்டு போனதுக்கு இந்த ஒரு லெட்டரயாவது எழுத்துக்கூட்டி படி. புரியாத எடத்துல கூகுள்கிட்ட போகாத, எனக்கு போன் போடு.

என் வண்டியில மான் மோதுனத சொன்னேன்ல, அது இன்னும் பாடி ஷாப்ல தான் கெடக்கு, பார்ட்ஸ் வரல பார்ட்ஸ் வரலன்னு அஞ்சு வாரமா ஒரே பாட்டு. அதனால நீ விட்டுட்டு போன பழைய கார தான் கேன்டன்ல இருந்து சவுத்ஃபீல்டு ஆபீசுக்கு ஓட்டிட்டு போறேன். ஹீட்டர் நல்லா தான் இருக்கு. ஆனா அந்த ப்ளேயர்ல ஒரு சிடி மாட்டிக்கிட்டு வெளியவே வர மாட்டேங்குது, சாவிய திருப்பின உடனே அதுவா பாட ஆரம்பிச்சிடுது, சவுண்ட கொறைக்கலாம், நிறுத்த முடியாது. மொத நாள் தகர கொட்டாய் மேல தேங்கா விழுற மாதிரி இருந்துச்சு. அப்பாகிட்ட சொன்னேன், அவர் "ரெண்டு நாள் பொறுத்துக்கோ"ன்னுட்டு பேப்பர்ல மூஞ்சிய வெச்சுக்கிட்டார்.

மூணாவது நாள் ட்ராஃபிக்ல நிக்கிறப்போ பாத்தா என் வெரல் ஸ்டியரிங் மேல தாளம் போடுது. அந்த ஆள் பாஸ் கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடுறான், பின்னாடி ட்ரம்ஸ் அடிக்கிறவன் ஒரு எடத்துலயும் மூச்சு விட மாட்டேங்குறான், ஏழு பாட்டு, அரை மணி நேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு திரும்ப மொதல்ல இருந்து. யாருன்னு பாக்கலாம்னா கவர் இல்ல, சிடியோ உள்ள இருக்கு. ஆபீஸ்ல புதுசா சேந்த பையன் மத்தியானம் லிஃப்ட் கேட்டு ஏறினான், போன தூக்கி காமிச்சு பத்து செகண்ட்ல சொல்றான், "ஆன்ட்டி, இது டெத்." எனக்கு திக்குன்னுச்சு. வெள்ளிக்கெழமை அதுவுமா தலைக்கு குளிச்சு விபூதி வெச்சுக்கிட்டு, சாவுன்னு பேர் வெச்சவன் பாட்டையாடா கேட்டுட்டு போயிருக்கேன்.

அப்புறம் ராத்திரி உக்காந்து தேடி தேடி படிச்சேன். உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன், எனக்கு சொல்லணும் போல இருக்கு. நம்ம வீட்ல இருந்து முக்கா மணி நேரம் கூட இல்ல, டெட்ராய்ட் பசங்க. ஹேக்னி பிரதர்ஸ், டேவிட், டேனிஸ், பாபி, மூணு பேரும் கூடப் பொறந்தவங்க. கறுப்பின பசங்கன்னா டெட்ராய்ட் மோடவுன் கம்பெனி சோல் பாட்டு மாதிரி தான் பாடணும்னு ஊரே எதிர்பாத்த காலத்துல இவங்க கிட்டார தூக்கிட்டு இந்த சத்தம் போட்டிருக்காங்க, இந்த மாதிரி வேகமான முரட்டு ராக்குக்கு பங்க்னு ஒரு பேர் பரவலா வர்றதுக்கு முன்னாடியே, 1975ல. அப்பா விபத்துல போயிட்டார், அதுக்கப்புறம் தான் பெரியவன் டேவிட் அந்த பேர வெச்சிருக்கான், சாவ பாத்து பயப்பட வேணாம்னு. ரெக்கார்ட் கம்பெனி பெரிய தலை க்ளைவ் டேவிஸ் காசு போட ரெடி, ஆனா பேர மாத்துன்னார். மாட்டேன்னுட்டான். பன்னெண்டு பாட்டு ப்ளான், ஏழோட நின்னு போச்சு.

நான் கணக்கு எழுதுறவ, எனக்கு மொதல்ல கோவம் தான் வந்துச்சு. ஒரு பேரு தானே, மாத்திட்டு செக்க வாங்குடான்னு தோணுச்சு. 1976ல கைக்காச போட்டு 500 சிங்கிள் ரெக்கார்ட் அடிச்சாங்க, யாரும் சீண்டல, அவ்ளோ தான். வெர்மான்ட் பக்கம் குடி போயிட்டாங்க, அங்க போயி சாமி பாட்டு கூட பண்ணிருக்காங்க, டேவிட் மட்டும் பின்னாடி டெட்ராய்டுக்கே திரும்பி வந்துட்டான். 2000ல கேன்சர்ல செத்துட்டான். போறதுக்கு முன்னாடி மாஸ்டர் டேப்ப தம்பிகிட்ட குடுத்து, உலகம் ஒரு நாள் இத தேடிட்டு வரும், பத்திரமா வெய்யின்னு சொல்லிட்டு போயிருக்கான். வந்துச்சு. அந்த 500ல மிஞ்சின ரெக்கார்ட கலெக்டருங்க தேடி அலைய, எங்கயோ ஒரு பார்ட்டியில பாபியோட மகன் இந்த பாட்ட கேட்டுட்டு, இது எங்கப்பா கொரலாச்சேன்னு வீட்டுக்கு போன் போட்டிருக்கான். 2009ல சிகாகோல ட்ராக் சிட்டிங்கிற சின்ன கம்பெனி அந்த ஏழு பாட்டயும் வெளியிட்டுச்சு, 34 வருஷம் கழிச்சு. அது தான் உன் கார்ல மாட்டிக்கிட்டு இருக்கிறது. பசங்ககிட்ட தான் இப்படி ஒரு பேண்ட் வெச்சிருந்ததயே பாபி சொன்னதில்லயாம்.

ஆனா என்ன தூங்க விடாதது இது எதுவும் இல்ல. அந்த பசங்க ப்ராக்டிஸ் பண்ணது எங்க தெரியுமா, வீட்ல. அம்மா இருக்கிற வீட்ல. அக்கம்பக்கத்துக்காரங்க திட்டியும் அந்த அம்மா விட்டிருக்காங்க, தெனமும்.

2012 சம்மர் உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியல. இருக்கும். நீயும் இன்னும் ரெண்டு பசங்களும் நம்ம கராஜ்ல. பக்கத்து வீட்டுக்காரர் மெயில் பாக்ஸ்ல ஒரு சீட்டு வெச்சுட்டு போனார், மரியாதையா தான் எழுதிருந்தார், நான் தான் ஏதோ போலீஸ் வந்து நின்ன மாதிரி பதறிட்டேன். அடுத்த வருஷம் காலேஜ் சேர்றதுக்கு ஏ.சி.டி. பரிட்சை, இந்த கொட்டு அடிச்சு என்ன ஆகப் போறேன்னு அந்த பசங்க முன்னாடியே கத்தினேன், ஆகஸ்ட்ல கராஜ் சேல் போட்டப்போ உன் ட்ரம் செட்டுல 140 டாலர்னு ஸ்டிக்கர ஒட்டினதும் நான் தான். வாங்கிட்டு போனவரு அந்த சிம்பல தூக்கி வேன்ல வெக்கிறப்போ அது ஒரு தடவ கணீர்னு அடிச்சுச்சு. நீ மாடி ஜன்னல்ல நின்னுட்டு இருந்த. நான் பாத்தேன், பாக்காத மாதிரி டேபிள் துணிய மடிச்சேன்.

சரி அத விடு. விட முடியல, அதான் மேல மேல படிச்சிட்டு இருக்கேன், படிக்க படிக்க இதே தான் வருது. கலிஃபோர்னியால சான் பீட்ரோன்னு ஹார்பர் ஊரு, அங்க மினிட்மென்னு ஒரு பேண்ட், மூணு பேர். மைக் வாட்டுன்னு ஒருத்தன், டி. பூன்னு அவன் சிநேகிதன். ரெண்டும் ஸ்கூல் விட்டு வந்து தெருவுல சுத்தாம இருக்கணும்னு பூனோட அம்மா தான் நீங்க பேண்ட் ஆரம்பிங்கடான்னு சொல்லிருக்காங்க, நீ பாஸ் வாசின்னு மைக்குக்கு சொன்னதும் அவங்களே. பாஸ்னா என்னன்னே அவனுக்கு அப்போ தெரியாதாம்! எகானோன்னு ஒரு வார்த்த வெச்சிருந்தாங்க, எகானமிய சுருக்கி. சாமான தானே தூக்குறது, தானே வேன் ஓட்டுறது, ஸ்டுடியோல ஒரு நிமிஷத்த வீணாக்காம பாடி முடிக்கிறது. இது நம்ம வீட்டு பாஷடா. கட்டுசாதம் கட்டிக்கிட்டு திருப்பதி போன குடும்பத்துல பொறந்தவ நான், எனக்கு சிக்கனத்த பத்தி சான் பீட்ரோ பசங்க பாடம் எடுக்க வேணாம், ஆனா அத ஒரு கௌரவமா சொல்லிக்கலாம்னு அவங்ககிட்ட தான் கத்துக்கிட்டேன். 1984ல நாப்பத்தி சொச்சம் பாட்டோட டபுள் ஆல்பம் போட்டாங்க, பாதி பாட்டு ரெண்டு நிமிஷம் கூட வராது. அடுத்த வருஷம் டிசம்பர்ல வேன் கவுந்து அந்த பூன் பையன் போயிட்டான், 27 வயசு. நீ சலூன் கடைக்கு போற தூரம் ஓட்டினாலும் பெல்ட் போடு.

வாஷிங்டன்ல டிஸ்கார்டுன்னு ஒரு லேபிள், ரெக்கார்ட் போடுற கம்பெனி. 1980ல சின்ன பசங்களா சேந்து ஆரம்பிச்சது. ரெக்கார்ட் கவர் எப்படி செய்றதுன்னு தெரியாம, கடையில வாங்கின ஒரு கவர பிரிச்சு, அத வெச்சு கோடு போட்டு, ஆயிரக்கணக்குல கத்திரிக்கோலால வெட்டி ஒட்டிருக்காங்க. தபால் எல்லாம் எந்த அட்ரஸுக்கு வந்துச்சுன்னா அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான இயன் மக்கையோட அப்பா அம்மா வீட்டுக்கு! அந்த ஆளு பின்னாடி ஃபுகாசின்னு பேண்ட் வெச்சு, முடிஞ்ச வரைக்கும் டிக்கெட் அஞ்சு டாலர் தான், எந்த வயசு பிள்ளையும் உள்ள வரலாம், டி-ஷர்ட் விக்க மாட்டேன்னு ஊர் ஊரா பாடிருக்கார். டி-ஷர்ட் விக்காத கொள்கை மட்டும் எனக்கு புடிபடல. நல்ல மார்ஜின் உள்ள சரக்கு.

எல்லாரும் இண்டிபெண்டன்ட் இண்டிபெண்டன்ட்ங்கிறாங்க, தோண்டினா எங்கயோ ஒரு வீட்டு பேஸ்மென்ட் இருக்கு, மேல ஒரு அம்மா சமைச்சிட்டு இருக்கா. இப்போ நீ இருக்கிற மினியாபோலிஸ எடுத்துக்கோ. ரீப்ளேஸ்மெண்ட்ஸ்னு ஒரு பேண்ட். ஆபீஸ் கூட்டுற வேல பாத்துட்டு நடந்து வீட்டுக்கு போற பால் வெஸ்டர்பர்க், ஒரு வீட்ல இருந்து வர்ற சத்தத்த கேட்டு வெளிய நின்னு ஒட்டுக்கேட்டிருக்கான். உள்ள ஸ்டின்சன் அண்ணன் தம்பி. தம்பி கெட்டுப் போயிடக் கூடாதுன்னு அண்ணன் பாப் அவன் கையில பாஸ் கிட்டார குடுத்தப்போ அவனுக்கு 11 வயசு. நம்ம கராஜ் கதவ நான் சாத்தாம இருந்திருந்தா எவனாவது ரோட்ல நின்னு கேட்டிருப்பானோ என்னவோ. கேட்டிருக்க மாட்டான், நீங்க சுமாரா தான் வாசிச்சீங்க. ஆனா மூணு மாசம் போனா தேறிருப்பீங்க.

இன்னொன்னு. உன் சத்தத்தோட சண்ட போட்டுட்டு இருந்த எனக்கு நெஜமா புடிச்சது அமெரிக்கானா தான்னு கண்டுபுடிச்சிருக்கேன். நாட்டுப்புறம், சர்ச் பாட்டு, ப்ளூஸ், பழைய கன்ட்ரி எல்லாம் கலந்து, ஊரு பேரு, ஆத்து பேரு, வேல போன கதைன்னு பாடுறது. ஆபீஸ்ல கூட வேல பாக்குறவங்க ஆன் ஆர்பர்ல தி ஆர்க்குக்கு கூட்டிட்டு போனாங்க. 1965ல ஆரம்பிச்சது, லாப நோக்கம் இல்லாத எடம், 400 சீட்டு, டிக்கெட் கிழிக்கிறதுல இருந்து வாலன்டியர்ஸ். ஒரு அம்மா, அம்பது வயசிருக்கும், தனியா கிட்டாரோட வந்து நின்னாங்க. ரேடியோல நீ கேட்டிருக்க முடியாத பேரு. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல தந்திய முறுக்கிட்டே பேசுறாங்க, வெரல் நுனி எல்லாம் காய்ச்சு போயி, என் பாட்டிக்கு அருவாமனைல காய் நறுக்கி நறுக்கி வந்த மாதிரி. முடிஞ்சதும் அவங்களே வெளிய டேபிள் போட்டு சிடி விக்கிறாங்க. 15 டாலர். எவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தீங்கன்னு கேட்டேன், நாஷ்வில்ல இருந்து, எட்டரை மணி நேரம், தனியாவாம். எனக்கு மனசு கேக்கல, பையில இருந்த முறுக்கு பாக்கெட்ட குடுத்துட்டு வந்தேன். சின்ன வயசுல பங்க் பேண்ட்ல ட்ரம்ஸ் அடிச்சவங்களாம்! எப்படி அங்க இருந்து இங்க வந்தீங்கன்னேன், "ரெண்டும் கிட்டார்ல மூணு கார்டு தானே, ஒன்னு வேகம், ஒன்னு நிதானம்"ன்னாங்க.

அது அப்படி ஒன்னும் அதிசயம் இல்ல போல. இல்லினாய்ல பெல்வில்ங்கிற சின்ன ஊர்ல அங்கிள் டுபெலோன்னு பசங்க 1990லயே கார்ட்டர் ஃபேமிலின்னு பழைய கன்ட்ரி குடும்பத்து பாட்டயும் பங்க் சத்தத்தயும் ஒரே ஆல்பத்துல போட்டிருக்காங்க, 94ல சண்ட போட்டு ரெண்டா பிரிஞ்சு ஒன்னு வில்கோ, ஒன்னு சன் வோல்ட். எனக்கு சன் வோல்ட் தான் புடிக்குது, எல்லாரும் வில்கோங்கிறாங்க. அலஹாந்த்ரோ எஸ்கோவெடோன்னு டெக்சஸ்காரர், சான் ஃபிரான்சிஸ்கோல பங்க் வாசிச்சு, அப்புறம் கன்ட்ரி பக்கம் வந்து, 2003ல ஒடம்பு முடியாம விழுந்தப்போ ஆஸ்பத்திரி செலவுக்காக மத்த பாட்டுக்காரங்க எல்லாம் சேந்து அவர் பாட்ட பாடி ஆல்பம் போட்டிருக்காங்க. நம்ம ஊர்ல மொய் வெக்கிற மாதிரி. அவர மொதல்ல கேளு, உனக்கு புடிக்கும்.

இதெல்லாம் இப்போ பேண்ட்கேம்ப்ங்கிற வெப்சைட்ல வாங்குறேன், பாட்டுக்கு அவங்க 15 சதவீதம் எடுத்துக்கிட்டு, கார்டுக்காரன் பங்கு போக மிச்சம் பாடினவங்களுக்கு. ஸ்ட்ரீமிங்ல கேட்டா அந்த நாஷ்வில் அம்மாவுக்கு பெட்ரோலுக்கு கூட தேறாது, கணக்கு போட்டு பாத்துட்டு தான் சொல்றேன். அப்பா என்ன பைத்தியம்ங்கிறார். ஆனா போன வாரம் பாத்திரம் கழுவுறப்போ சன் வோல்ட்ட முணுமுணுத்துட்டு இருந்தார், கேட்டா எம்.எஸ்.வி.ங்கிறார்.

உன் அக்கவுன்ட்ல 140 டாலர் போட்டிருக்கேன், வட்டி சேக்கல. மளிகைக்கு எடுக்காத. தாங்க்ஸ்கிவிங்குக்கு நாங்க அங்க வர்றோம், டிக்கெட் போட்டாச்சு. அந்த பழைய பஸ் டிப்போவ மாத்தி கட்டினாங்களே ஃபர்ஸ்ட் அவென்யூன்னு கச்சேரி ஹால், அதுல ஒட்டின மாதிரி இருக்கிற சின்ன ரூம்ல, செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி, அங்க எவனாவது அந்த வாரம் வாசிச்சா டிக்கெட் எடுத்து வெய்யி, யாரா இருந்தாலும் சரி. பெரிய பேரா இருந்தா வேணாம். அப்பாவுக்கு காதுக்கு பஞ்சு நான் கொண்டு வர்றேன், உனக்கு பருப்பு பொடியும்.

அம்மா