கேமராவைத் துடைத்த பின் ஃபோகஸ் பிசகுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களை (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்கள்) வீட்டிலேயே சுத்தம் செய்வது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான குறிப்புகளைப் படித்தேன். லென்ஸின் முன்பக்கத்தைத் துடைப்பது பற்றியும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது பற்றியும் அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால், உள்ளே இருக்கும் மிரரையும் துடைக்கலாம் என்று எழுதியவர், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கேமரா பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. "சுத்தம் செய்தேன், அதிலிருந்து ஃபோகஸ் சரியாக விழவில்லை" என்று எங்களிடம் வரும் கேமராக்களில் பலவற்றின் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

லென்ஸைக் கழற்றியதும் சாய்வாகத் தெரியும் கண்ணாடியான இந்த மிரர், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் நடுப்பகுதி, ஒளியில் ஒரு பங்கைத் தன் வழியே ஊடுருவ விடுகிறது. அந்த ஒளி, பின்புறம் கீல் வைத்துப் பொருத்தப்பட்ட, கட்டைவிரல் நகம் அளவேயான சப் மிரரில் பட்டு, கீழ்நோக்கித் திரும்பி, மிரர் பெட்டியின் அடித்தளத்தில் உள்ள சிறு திறப்பு வழியாக ஆட்டோஃபோகஸ் சென்சாரை அடைகிறது. அங்கே அது இரண்டு பிம்பங்களாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு இடையே உள்ள விலகலைக் கொண்டு லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கிடப்படுகிறது. படம் பதிவாகும் சென்சார் வேறு, ஃபோகஸைத் தீர்மானிக்கும் சென்சார் வேறு. லென்ஸிலிருந்து இவ்விரண்டுக்கும் உள்ள ஒளிப்பாதையின் நீளம் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும் வரைதான் படம் கூர்மையாக வரும்.

எவ்வளவு நுட்பமான பொருத்தம் இது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 50 மி.மீ. லென்ஸின் ஒளி நுழையும் துளையை எஃப் 1.8 என்ற அகலமான அளவில் வைத்து, 1 மீட்டர் தூரத்தில் இருப்பவரின் முகத்தைப் படமெடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 3 செ.மீ.தான். கேமராவுக்குள் இந்தப் பாதை 0.05 மி.மீ. பிசகினால், ஃபோகஸ் விழும் இடம் ஏறத்தாழ 2 செ.மீ. முன்னோ பின்னோ தள்ளிப்போகும். கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் மூக்கின் மேல் விழுந்து கண் மங்கலாகிவிடும். ஒரு தலைமுடியின் பருமன் அளவுகூட இல்லாத பிசகு இதற்குப் போதும்.

பஞ்சுக்குச்சியால் மிரரைத் தூக்கிப் பின்பக்கத்தைத் துடைக்கும் கை, சப் மிரரின் கீலை அந்த அளவுக்கு எளிதில் வளைத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கடைகளில் வைத்திருக்கும் மின்சார புளோயரைக் காட்டினால் மிரரோடு ஷட்டர் தகடுகளும் சேதமாகலாம். தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைச் சாய்த்து அடிக்கும்போது அதிலுள்ள திரவம் தெறித்து, ஆட்டோஃபோகஸ் சென்சாரின் மேல் கறையாகப் படிகிறது. லென்ஸ் பொருந்தும் இடத்தில் உள்ள பொன்னிற மின் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பவர்கள், அந்த ரப்பர் துகள்கள் உள்ளே விழுவதைக் கவனிப்பதில்லை. திறப்பின் மேல் ஒரு நூலிழை கிடந்தாலும் போதும், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவித்துக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும், மிரரிலோ வியூஃபைண்டர் திரையிலோ உள்ள தூசி எடுக்கும் படத்தில் ஒருபோதும் பதிவாவதில்லை. ஒளியைத் திருப்பும் பூச்சு கண்ணாடியின் முன்பரப்பிலேயே இருப்பதால், துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். அதைத் துடைக்க வேண்டிய தேவையே இல்லை என்பதைத் தங்கள் குறிப்பு முதலில் சொல்லியிருக்க வேண்டும். லென்ஸைக் கழற்றிய கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கையால் அழுத்தும் ரப்பர் புளோயரால் சில முறை ஊதுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே துடைத்து ஃபோகஸ் பிசகியவர்கள், கேமரா போய்விட்டது என்று பழைய பொருள் விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். கோளாறு எங்கே என்பதை வீட்டிலேயே அறியலாம். படங்கள் தெளிவாக இருந்து வியூஃபைண்டர் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், கண் வைக்கும் இடத்தைத் துடைக்கும்போது பார்வைத் திருத்தச் சக்கரம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இப்படி வீணாகக் கடைக்கு வரும் கேமராக்கள் கொஞ்சநஞ்சமல்ல. படங்களே மங்கலாக இருந்தால், ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் துளையை முழுவதும் திறந்து, ஒரே வரிக்கு வியூஃபைண்டர் வழியாக ஒரு முறையும் லைவ் வியூவில் (படம் பதிவாகும் சென்சாரைக் கொண்டே பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) ஒரு முறையும் ஃபோகஸ் செய்து படமெடுங்கள். லைவ் வியூ படம் தெளிவாகவும் மற்றது தெளிவின்றியும் இருந்தால், பழுது சப் மிரர் பாதையில் இருப்பதாகக் கொள்ளலாம். வேறொரு லென்ஸிலும் அதே பக்கம் பிசகினால் அது உறுதி. நிகான் டி80, கேனான் 400டி போன்றவற்றில் லைவ் வியூ கிடையாது. அவற்றில், லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து, ஆட்டோஃபோகஸில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படத்தின் ஒரு பக்கம் மட்டும், எந்த முறையில் எடுத்தாலும், எந்த லென்ஸைப் போட்டாலும் மங்கலாக இருந்தால் அது வேறு சங்கதி. படம் பதிவாகும் சென்சாரைக் கழற்றியவர்கள், அதன் திருகுகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளை இடம் மாற்றியோ தொலைத்தோ விட்டிருப்பார்கள். அந்த அளவுக்குக் கேமராவைப் பிரிப்பவர்கள், ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் பேட்டரியை எடுத்த பிறகும் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும் என்பதை அறியாமல் கை வைக்கக் கூடாது.

சப் மிரர் பிசகு பல மாடல்களில் சரிசெய்யக்கூடியதே. சப் மிரர் வந்து சாய்ந்து நிற்கும் சிறு ஊசி மையம் விலகியதாக அமைக்கப்பட்டிருப்பதால், சிறிய ஆலன் கீயால் (அறுகோணத் திருகுச்சாவி) இம்மியளவு திருப்பினால் நிற்கும் கோணம் மாறும். எந்த ஊசி, எந்தப் பக்கம், எவ்வளவு என்பது நிறுவனங்களின் பழுதுநீக்கக் கையேட்டில் இருக்கிறது. ஆனால் அந்தக் கையேடு எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபோகஸைத் திருத்தும் வசதி, 2007-இல் வந்த நிகான் டி300, 2008-இல் வந்த கேனான் 50டி போன்ற உயர்நிலை மாடல்களுக்கே முதலில் தரப்பட்டது. மாணவர்கள் இன்று பழைய சந்தையில் வாங்கும் விலை குறைந்த மாடல்களில் அது இல்லை. அமெரிக்காவில் நிகான் நிறுவனம் 2012-இல் சுயேச்சையான கடைகளுக்கு உதிரிபாகம் தருவதை நிறுத்தி, 2020-இல் அங்கீகரித்த கடைகளுடனான ஏற்பாட்டையும் முடித்துக்கொண்டது. இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அதற்கென எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவை. இந்த வரிசையில் கேமராவையும் வெளிப்படையாகச் சேர்த்து, விற்பனை நின்றுபோன மாடல்களின் பழுதுநீக்கக் கையேடுகளையாவது நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று அத்துறை கேட்க வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. அந்தக் குறிப்புகளைப் படித்து இந்நேரம் பஞ்சுக்குச்சியை எடுத்திருக்கக்கூடிய வாசகர்களுக்காக, மிரரையும் அதன் பின்பக்கத்தையும் தொட வேண்டாம் என்ற திருத்தத்தை அதே பக்கத்தில் விரைவில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கேமரா பழுதுபார்க்கும் வாசகர்,
நாகர்கோவில்.