மிலானின் இரண்டரை வருஷம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். ஓய்வு பெற்றதிலிருந்து இத்தாலி வரலாற்றில்தான் மூழ்கிக் கிடக்கிறேன்.

இப்போது மனதைப் பிடித்து ஆட்டுவது மிலானின் அம்புரோசியக் குடியரசு. 1447 ஆகஸ்டில் கோமகன் பிலிப்போ மரியா விஸ்கோந்தி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மறுநாளே ஊர்க்காரர்கள், இனி யாரும் எங்களை ஆள வேண்டாம் என்று தங்கள் காவல் புனிதர் அம்புரோஸ் பெயரில் குடியரசை அறிவித்துவிட்டார்கள். விஸ்கோந்திகளின் கோட்டையை இடித்தார்கள், வரிக் கணக்கேடுகளைக் கொளுத்தினார்கள். எத்தனை வருஷக் கோபம்!

ஆனால் அடுத்து நடந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை. கோமகன் ஆண்ட மற்ற ஊர்களான பவியா, லோதி, பியாசென்சா எல்லாம் அதே துணிச்சலில் விலகிக்கொண்டன. அவற்றைச் சமமாகச் சேர்த்துக்கொள்ள மிலானுக்கு மனம் வரவில்லை. கோமகன் ஆண்ட ஊர்களெல்லாம் எங்களுக்கே என்று நின்றது. லோதியும் பியாசென்சாவும் வெனிஸ் பக்கம் போயின. வெனிஸை எதிர்க்கக் கூலிப்படைத் தளபதி பிரான்செஸ்கோ ஸ்போர்சாவை அமர்த்தினார்கள். யார் அவர்? இறந்த கோமகனின் மருமகன்! பவியா அவரையே தன் பிரபுவாக ஏற்றது. பியாசென்சாவை அவர் படை சூறையாடியது. 1448 செப்டம்பரில் கரவாஜ்ஜோவில் வெனிஸ் படையை நொறுக்கியவர், அடுத்த மாதமே வெனிஸோடு ஒப்பந்தம் போட்டு மிலான் மீது திரும்பினார்.

வெனிஸ் எப்படியும் படையெடுத்திருக்கும் என்று நீ வாதாடுவாய். இருக்கலாம். ஆனால் பவியா தோழமையோடு பக்கத்தில் நின்றிருந்தால் ஸ்போர்சாவுக்குக் காலூன்ற இடம் ஏது?

அப்புறம் முற்றுகை, பஞ்சம். குடியரசை நிறுவியவர்களில் ஒருவரான ஜார்ஜியோ லாம்புன்யானோவின் தலையை 1449-இல் சொந்த ஆட்களே வெட்டினார்கள். 1450 பிப்ரவரிக் கடைசியில் பசி தாங்காத ஜனங்கள் கிளர்ந்தெழுந்து, வெனிஸ் தூதரைக் கொன்று, ஸ்போர்சாவுக்குக் கதவைத் திறந்தார்கள். அவருடைய வீரர்கள் ரொட்டிகளைச் சுமந்துகொண்டு நுழைந்தார்களாம்; ஜனங்கள் பாய்ந்து பிடுங்கித் தின்றார்கள். இடித்த கோட்டையை அதே இடத்தில் அவர் திரும்பக் கட்டினார். உன் மகன் மிலானிலிருந்து அனுப்பிய படத்தில் இருப்பது அதுதான்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? உன் கட்சியை நேரில் சொல், விடிய விடியப் பேசுவோம்.

அன்புடன்,
ராகவன்