ஃபிரீஸ்பேஸ் 2 விளையாட்டின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

1999ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு விண்வெளிப் போர் விளையாட்டுக்காக இப்போது மடல் எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாகப் படலாம். அதை உருவாக்கிய வாலிஷன் நிறுவனம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய விளையாட்டுகளைத் தூசு தட்டிப் புது மெருகோடு விற்கும் காலம் இது. ஃபிரீஸ்பேஸ் 2க்கும் அந்த முறை ஒருநாள் வரக்கூடும். அப்படி வந்தால், புதுப்பிக்கிறேன் என்ற பெயரில் அதன் உயிர்நிலையில் யாரும் கைவைத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த உயிர்நிலை, ஆடுபவர் அதில் எவ்வளவு சிறியவராக இருக்கிறார் என்பதுதான். விண்வெளிப் போர் விளையாட்டுகளில் பெரும்பாலும் ஆடுபவரே நாயகன். அண்டத்தின் தலையெழுத்து அவர் கையில் இருக்கும். இங்கே உங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. "ஆல்ஃபா 1" என்ற அழைப்புக்குறி மட்டும்தான். நீங்கள் ஒரு சிறு கலத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று குறிவைக்கின்றன. ஒரு பீரங்கியின் வாயில் ஒளி திரள்வது தெரியும். அடுத்த நொடி திரையைக் குறுக்கே பிளந்துகொண்டு ஒரு கற்றை பாய்ந்து எதிர்க் கப்பலின் உடலை அறுத்துச் செல்லும். அதன் வழியில் நீங்கள் இருந்தால் அதோடு கதை முடிந்தது. உங்களைக் குறிவைத்து அது சுடப்படவில்லை என்பதுதான் இதில் இன்னும் அச்சம் தருவது.

கதையும் இதே அளவுகோலில்தான் நகர்கிறது. மனிதர்களும் அவர்களின் கூட்டாளிகளான வாசுடர்கள் என்ற வேற்றுலக இனத்தவரும் சேர்ந்து இருபது ஆண்டுகள் உழைத்துக் கட்டிய கொலோசஸ் என்ற கப்பல் ஆறு கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதைப் பார்த்ததும் இனி நமக்கென்ன குறை என்று தோன்றும். எதிரிகளான ஷிவர்கள் என்ற வேற்றுலக இனத்தின் சத்தானாஸ் என்ற ராட்சதக் கப்பல் ஒன்றை அது வீழ்த்தவும் செய்கிறது. பிறகுதான் அதே வகைக் கப்பல்கள் எண்பதுக்கும் மேலாக வரிசையில் நிற்பது தெரியவருகிறது. கடைசியில் கப்பெல்லா என்ற விண்மீனே வெடிக்கப்போகிறது, தப்பி ஓடுபவர்களுக்கு வழிவிட்டுக் காவல் நிற்பதுதான் உங்கள் வேலை. வெற்றி என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. புதுப் பதிப்பில் யாராவது ஒருவர் "ஆடுபவருக்கு நிறைவான முடிவு வேண்டும்" என்று கூட்டத்தில் பேசுவார்; தயவுசெய்து அவருக்குச் செவிசாய்க்காதீர்கள்.

நெபுலா எனும் விண்முகிலுக்குள் நடக்கும் மிஷன்களையும் அப்படியே விட்டுவிடுங்கள். கண்ணுக்கு எட்டியதெல்லாம் முகில், ரேடாரில் புள்ளிகள் மின்னி மின்னி மறைகின்றன, எதிரி கப்பல் தெரியும்போது அது ஏற்கெனவே மிக அருகில் இருக்கிறது. இன்றைய வரைகலை வசதியைக் காட்டுவதற்காக அந்த முகிலைக் கலைத்து, தொலைவில் உள்ளதெல்லாம் பளிச்சென்று தெரியும்படி செய்தால், மிஞ்சுவது அழகான சுவர்ப்படம் ஒன்றுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. குண்டு வீசும் கலத்தை ஓட்டும் மிஷன்கள் பொறுமையைச் சோதிப்பவை: கலம் ஆமை வேகத்தில் நகரும், குறி பூட்டும் வரை நேராகவே பறக்க வேண்டும், கடைசியில் வீசிய குண்டை எதிரிக் கப்பலின் துப்பாக்கி நடுவழியிலேயே சுட்டுவிடும். உடன் பறக்கும் தோழர்களின் அறிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒளிக்கற்றை பாயும் இடம் எதுவோ அங்கே போய் நிற்பதில் அவர்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு. இவை இரண்டையும் தாராளமாகத் திருத்துங்கள்.

கலங்கள் வெற்றிடத்தில் பறக்காமல் காற்றில் பறக்கும் விமானம்போல் வளைகின்றன, வேகத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, இது இயற்பியலுக்கு ஒவ்வாதது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது குறையாகப் படவில்லை. நெருங்கிச் சுழன்று சண்டையிடும் சுவை அந்தப் பொய்யில்தான் இருக்கிறது.

விசைப்பலகையில் அழுத்த வேண்டிய விசைகளின் எண்ணிக்கைதான் எனக்கு இரண்டு மனமாக இருக்கும் இடம். ஆயுதம், கேடயம், எஞ்சின் மூன்றுக்கும் மின்னாற்றலைப் பங்கிட ஆறு விசைகள். நான்கு பக்கக் கேடயங்களில் எதைப் பலப்படுத்துவது என்பதற்கு அம்புக்குறி விசைகள். எல்லாவற்றையும் சமப்படுத்த ஒன்று. புதிதாக வருபவர் மிரண்டுதான் போவார். ஆனால் பின்பக்கக் கேடயம் கரைந்துகொண்டிருக்கும்போது, ஆயுதத்தின் ஆற்றலைப் பிடுங்கி எஞ்சினுக்குக் கொடுத்துத் தப்பிவிட்டு, மூச்சுவிட்டபின் மீண்டும் திரும்பிச் சுடும் அந்தச் சில நொடிகளில்தான் ஒருவர் விமானியாகிறார். விசைகளைக் குறைக்காமல், கற்றுத்தரும் பாடத்தை இன்னும் நிதானமாக அமைத்தால் போதும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இந்த விளையாட்டு இன்றும் உயிரோடிருப்பதற்குக் காரணம், 2002இல் வாலிஷன் அதன் மூலநிரலை வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டதும், அதை எடுத்து ஃபிரீஸ்பேஸ் ஓப்பன் என்ற பெயரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊதியமின்றிச் செப்பனிட்டுவரும் ஆர்வலர்களும்தான். விளையாட்டோடு சேர்ந்தே வந்த மிஷன் எழுதும் கருவியைக் கொண்டு அவர்கள் முழு நீளக் கதைகளையே படைத்திருக்கிறார்கள். 2000இல் வாலிஷன் டிஎச்கியூ நிறுவனத்தின் கைக்கு மாறி, மூன்றாம் பாகம் கைகூடாமல் போன வெற்றிடத்தை நிரப்பியவர்களும் இவர்களே. புதுப் பதிப்பு என்ற பேச்சு எழும் நாளில், வெளியிலிருந்து ஒரு குழுவை அமர்த்துவதற்கு முன் இவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்கள் செய்துவைத்ததை எடுத்துக்கொள்வதானால், அவர்களின் ஒப்புதலோடும் உரிய கூலியோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெயரில்லாத ஆல்ஃபா 1களில் ஒருவன்