வரையாட்டைப் போல வண்ணத்துப்பூச்சியையும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 கணக்கெடுப்பில் 1,031ஆக இருந்த, தமிழக மலைகளில் வாழும் காட்டு ஆடுகளான வரையாடுகள், 2025இல் 1,303 எனத் தெரியவந்தது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வரையாட்டுத் திட்டத்துக்கு அரசு ரூ.25.14 கோடி ஒதுக்கியது வீண்போகவில்லை.

ஆனால் அதே மலைகளில் வாழும் பூச்சிகளை யார் எண்ணுகிறார்கள்? நீலகிரி டைகர் என்ற வண்ணத்துப்பூச்சி, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் மட்டுமே வாழ்வது. காலை வெயில் சோலை ஓரத்தில் விழும்வரை இலைமேல் அசையாமல் இருக்கும். உடல் சூடேறிய பிறகுதான் பறக்கும். அதன் புழுவுக்கு எருக்கு குடும்பத்தைச் சேர்ந்த சில கொடிகளின் இலைதான் உணவு. அந்தக் கொடி இல்லாத இடத்தில் முட்டையிட்டும் பயனில்லை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அதனால், வெயில் கூடும்போது சமவெளிக்கு அருகில் உள்ள உயிர்கள் மேலே நகரலாம். நீலகிரியின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவோ 2,637 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருப்பவை எங்கே போகும்? போதாக்குறைக்கு, சீகை (வாட்டில்) என்ற அயல்நாட்டு மரங்கள் மலைப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கின்றன.

2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த அரசுக்கு, வண்ணத்துப்பூச்சிகளையும் எண்ணுவது பெரிய செலவல்ல. வரையாட்டுக் கணக்கெடுப்புக் குழுவுடன் பூச்சியியல் மாணவர்களையும் அனுப்பலாம். அதே பாதையில், அதே மாதத்தில், ஆண்டுதோறும் எண்ணட்டும். எந்த இனம் எந்த உயரத்தில் தென்பட்டது என்ற விவரத்தை வனத்துறை பொதுமக்களுக்கும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி