போன் யார் கையில், எத்தனை மணிக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடுகிற நாட்களில் கொரோனா காலத்தைப் போல ஆன்லைனில் பாடம் நடத்தினால் என்ன என்று இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடவே, அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் வீட்டில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கினார்கள் என்று ஒரு குத்து. குத்தை விட்டுவிடுகிறேன், ரொம்ப வருடம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அது பழகிப்போன ஒன்று. ஆன்லைன் யோசனையைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. 2020 கோடையில் புதுக்கோட்டை மாவட்டத்து அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்புக்கு நான் கணக்கு நடத்தினேன். நடத்திய இடம் மலேசியா, கிள்ளானில் என் மகள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறை.

பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பு வாத்தியார் மார்ச் மாதத்தில் வெளிநாடு போவாரா என்று கேட்பீர்கள். எங்கள் தலைமையாசிரியரும் அதைத்தான் கேட்டார். மகளுக்கு ஏப்ரலில் இரண்டாவது பிரசவம். மனைவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு உடனே திரும்புவதாகத் திட்டம். பாடமும் திருப்புதல் தேர்வும் முடிந்திருந்தன, தடையின்மைச் சான்றும் வாங்கியாயிற்று. தேர்வு தொடக்கம் மார்ச் 27, என் திரும்பும் டிக்கெட் மார்ச் 18. மார்ச் 17 அன்று மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் பயணிகள் வரக்கூடாது என்று இந்தியா உத்தரவு போட்டது. மறுநாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. 22-ஆம் தேதி எல்லா வெளிநாட்டு விமானங்களும் நின்றன. அப்புறம் என்ன, மாட்டிக்கொண்டேன்.

வீடு சின்னது. மருமகனுக்குத் துறைமுகம் சார்ந்த வேலை, அத்தியாவசியப் பணி என்பதால் அவர் மட்டும் போய் வந்தார். சாமான் வாங்கவும் வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். ஆக அந்த ஒருவரும் அவர்தான். மருமகன் வீட்டில் மாமனார் நாலு நாளைக்கு மேல் தங்கினால் இரண்டு பேருக்கும் மரியாதை இருக்காது என்று என் அம்மா சொல்வார். ஊரில் தனியாக இருந்த அதே அம்மா தினமும் போனில் "எப்படா வர்ற?" என்று கேட்டார். விசா கெடு வேறு முடிந்தது. கட்டுப்பாட்டுக் காலத்தில் கெடு முடிந்தவர்கள் அபராதம் இல்லாமல் ஊர் திரும்பலாம் என்று குடிநுழைவுத் துறை அறிவித்த பிறகுதான் மனைவிக்குத் தூக்கம் வந்தது. பேத்தி பிறந்தபோது மருத்துவமனைக்குள் எங்கள் இருவருக்கும் அனுமதியில்லை. பத்தியச் சாப்பாட்டை மருமகன் வாசலில் கொடுத்துவிட்டு வருவார். பேத்தியின் முகத்தை நாங்கள் முதலில் பார்த்தது போனில்தான்.

மூத்த பேரன் அங்கே தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. அவனுடைய ஆசிரியை வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார். அதைக் கேட்க என் மகளின் போன் வேண்டும். மகளோ கைக்குழந்தையோடு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாள். பேரன் மெதுவாக அதை உருவ, அவள் விழிக்க, குழந்தை அழ, மனைவி என்னைத் திட்ட (என்னை ஏன் என்று தெரியவில்லை), இப்படித்தான் அவனுடைய பாடம் தொடங்கும். படித்த அப்பா, படித்த அம்மா, வீட்டில் வைஃபை எல்லாம் இருந்தும் இந்த நிலை என்றால், என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் எப்படி இருக்கும் என்ற யோசனை எனக்கு அங்கேதான் வந்தது.

"சார், பரீட்சை இருக்கா இல்லையா?" இதைக் கேட்டுத்தான் முதல் பையன் தன் மாமா போனிலிருந்து வாட்ஸ்அப் அனுப்பினான். என்னிடம் பதில் இல்லை. "இருக்குன்னு நெனச்சுப் படி" என்றேன். வகுப்புக்கு ஒரு குழு தொடங்கினேன். வகுப்பில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் சேரவில்லை. நான் வீடியோ எடுத்து அனுப்பினால் அது பார்க்கப்படாமல் கிடக்கும், இல்லையென்றால் யாராவது ஒரு அப்பா "ஓகே சார்" என்று போடுவார்.

பிறகு எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு, என்ன போன், யார் கையில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது என்று கேட்டு எழுதினார். பள்ளியில் இருந்த எண்களில் பல மாறிப்போயிருந்தன. சில எண்கள் பக்கத்துக் கடைக்காரருடையவை. ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளிலும் அது அப்பாவோடு வயலுக்கோ வண்டிக்கோ போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்பும். மற்றவர்களிடம் பட்டன் போன். ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், மூன்றும் வேறு வேறு வகுப்பு. இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது. பாடம் ராத்திரி ஏழரைக்கு மேல்தான், பட்டன் போனிலும் கேட்கிற மாதிரிதான்.

ஏற்பாடு இதுதான். அறிவியல் ஆசிரியரிடம் இரண்டு போன்கள். ஒன்றில் நான் வாட்ஸ்அப்பில் பேசுவேன். இன்னொன்றில் அவர் நாலைந்து பிள்ளைகளை கான்பரன்ஸில் சேர்ப்பார். இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் எதிரெதிரே சாய்த்து வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போவார். அங்கே ஏழரை என்றால் கிள்ளானில் பத்து மணி, மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குழந்தை விழிக்கக்கூடாது என்று நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குக்கர் பக்கத்தில் நோட்டை வைத்து, அடிக்குரலில் பாடம் நடத்துவேன். ஒரு குழு முடிந்து அடுத்தது, அது முடிந்து இன்னொன்று. நள்ளிரவு தாண்டிவிடும்.

கணக்கைக் காதால் நடத்த முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் வடிவியல் வரைதல் எட்டு மதிப்பெண், அதை விட முடியாது. ஒரு கணக்கைச் சொல்கிறேன். 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரைய வேண்டும். நான் ஒவ்வொரு அடியாகச் சொல்வேன். "வட்டம் போட்டாச்சா? மையத்துக்கு ஓ-ன்னு பேரு வை. நேரே எட்டு சென்டிமீட்டர் கோடு, அந்த முனைக்குப் பி. இப்ப அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு." அந்தப் பக்கம் காம்பஸ் முள் நோட்டில் கிழிக்கிற சத்தம்கூடச் சில சமயம் கேட்கும். ஒரு பையன் வீட்டில் கடலைக்காய் உரித்துக்கொண்டே பாடம் கேட்பார்கள். ஓடு உடைகிற சத்தம் வரிசையாக வரும், அவன் வரைகிற நேரம் மட்டும் அதில் ஒரு ஆள் சத்தம் குறையும்.

படம் எனக்குத் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். "தொடுகோட்டை அளந்து சொல்லு" என்பேன். 7.4 என்று சொன்னால் சரி, ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தாலும் ஒப்புக்கொள்வேன். 5.3 என்று சொன்னால், விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொண்டு பெரிய வட்டம் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். "டேய், 6 விட்டம்டா, பாதி எடு" என்பேன். "சார், எப்படி சார் பாத்தீங்க?" என்று ஒருவன் பயந்தே போனான். வகுப்பில் முப்பது நோட்டைத் திருத்தும்போது இவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான். நாலைந்து பேர் மட்டும் என்பதால் யாரும் பின்பெஞ்சில் ஒளியவும் முடியவில்லை. ஒரு அம்மா குறுக்கே வந்து, "சார், நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், எனக்கே வெளங்குது, இவளுக்கு ஏன் வெளங்கல?" என்றார். அந்தப் பெண் வெட்கப்பட்டு அடுத்த நாள் சரியாகச் செய்துவிட்டது.

தேர்வு ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் பிள்ளைகளின் குரல் மாறும். ஜூன் 9 அன்று தேர்வே ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. சென்னையில் நோய் ஏறிக்கொண்டிருந்த நேரம், பிள்ளைகளை மையங்களுக்கு வரச்சொல்வது சரியில்லை, ரத்து செய்தது நல்ல முடிவுதான். ஆனால் மதிப்பெண்ணில் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்தும் 20 சதவீதம் வருகைப் பதிவிலிருந்தும் என்றார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண், அரையாண்டு சமயத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் பள்ளிக்கே சரியாக வரவில்லை. இரண்டு கணக்கிலும் அவளுக்கு அடி. போனில் வந்த கூட்டத்தில் மிகச் சுறுசுறுப்பாக இருந்தவள் அவள்தான். "அப்ப நம்ம ராத்திரி போட்ட கணக்கெல்லாம் சார்?" என்று கேட்டாள். பதினொன்றாம் வகுப்புக்கு உதவும் என்று சொன்னேன். சொன்னது பொய்யில்லை, ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

நான் ஊர் வந்த கதையை நீட்ட வேண்டாம். தூதரகத்தில் பதிவு செய்திருந்தேன். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவந்த வந்தே பாரத் திட்டத்தில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு முதல் விமானம் மே 9 அன்று வந்தது. கர்ப்பிணிகள், நோயாளிகள், முதியவர்கள் என்று முன்னுரிமை, அது நியாயம். என் முறை ஜூன் கடைசியில் வந்தது. மனைவி பேத்தியோடு அங்கேயே தங்கிவிட்டார். தனிமைப்படுத்தல் முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நிறுத்தி, "சோப்புப் போட்டியா?" என்று கேட்டார்.

மழை நாள் விஷயத்துக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்து கிராமங்களில் கரண்ட் திரும்ப எவ்வளவு நாளாயிற்று என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். புயல் வேண்டாம், சாதாரண ஐப்பசி மழைக்கே எங்கள் பக்கம் கரண்டும் போகும், சிக்னலும் போகும். கொரோனாவில் மின்சாரம் இருந்தது, டவர் இருந்தது, ராத்திரியிலாவது போன் வீட்டுக்கு வந்தது. அப்போதே அவ்வளவு பாடு. மழைக்கு விடுமுறை விட்ட அன்று காலை ஒன்பது மணிக்கு லிங்க் அனுப்பினால், டவுனில் உள்ள பிள்ளைகள் பாதிப் பேர் சேருவார்கள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வந்ததே சாயங்காலம்தான் தெரியும். பாடம் நடந்ததாகக் கணக்கு மட்டும் ஏறும். மழை விடுமுறையை விடுமுறையாகவே விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்கலாம், இத்தனை வருடமும் அப்படித்தான் செய்தோம்.

ஆனால் நீண்ட நாள் பள்ளி மூடுகிற நிலை திரும்ப வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அதற்காகவே இந்தக் கடிதம். அறிவியல் ஆசிரியர் போட்ட அந்தப் பட்டியலை ஒவ்வொரு பள்ளியும் நல்ல நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். அரசின் மாணவர் பதிவேடான எமிஸில் பிள்ளைக்கு ஒரு போன் எண் இருக்கிறது, ஆனால் அந்த எண் யாருடையது, போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், பட்டன் போனா, அதே போனை நம்பி வேறு எந்த வகுப்புப் பிள்ளை இருக்கிறது, போனே இல்லாவிட்டால் எந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் சேதி போகும் என்பது அதில் தெரியாது. இதற்குச் செயலி ஒன்றும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டுப் போதும். வகுப்பாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் அரை மணி நேர வேலை. ஒரே வீட்டுப் பிள்ளைகளின் வகுப்புகள் ஒரே நேரத்தில் மோதாமல் இருக்க, வெவ்வேறு பள்ளியில் படிப்பவர்களாக இருந்தால் தலைமையாசிரியர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவும் வேண்டும். ஜூனில் எழுதியதை நம்பி வருடம் முழுக்க இருக்க முடியாது. எங்கள் பக்கம் சலுகை எங்கே கிடைக்கிறதோ அந்த சிம்முக்கு மாறிவிடுவார்கள், அதனால் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒருமுறை கேட்டுத் திருத்தியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.