ஒருவர் என்றால் ஒருவர்தான்: சுற்றுலா நிறுவனத்தாருக்குத் திறந்த மடல்

வெளிநாட்டுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவரிடம் பணம் கட்டிப் போய்வந்தவள் எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பயனில்லை, உங்களில் பலரும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறீர்கள்: "குறைந்தபட்சம் இருவர்."

33 வருடம் ஆர்.எம்.எஸ் என்கிற ரயில்வே தபால் பிரிவில், ஓடும் ரயிலில் நின்றபடி கடிதம் பிரித்தவள் நான். ஓய்வு பெற்றதும் பிரான்சின் துலூஸைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. 1969 மார்ச் 2 அன்று, ஒலியை விட வேகமாகப் போகும் பயணிகள் விமானமான கான்கார்ட் முதன்முதலாகப் பறந்தது அங்கேதான். எனக்கு அதைவிடப் பெரியது ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் மோந்தோத்ரான் என்ற பழைய விமானத்தளம். 1918 கிறிஸ்துமஸ் அன்று, விமானத் தொழிலதிபர் லாத்தெகோயர் தொடங்கிய தடத்தின் முதல் விமானம் அங்கிருந்து பார்சிலோனாவுக்குக் கிளம்பியது. அந்தத் தடம்தான் நீண்டு நீண்டு, கடைசியில் தென் அமெரிக்கா வரை தபால் கொண்டுபோனது.

காரும் வழிகாட்டியும் ஒரு நாளைக்கு வேண்டும் என்றேன். இருவருக்குக் கட்டினால்தான் வண்டி வரும் என்றீர்கள். டிராமில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். முழங்கால் சரியில்லை, பிரெஞ்சு தெரியாது. அதனால்தானே உங்களிடம் வந்தேன்? கட்டினேன்.

காலை எட்டரைக்கு வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தேன், கிளம்பவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. யாருக்காக நிற்கிறோம் என்று கேட்டேன். ஓட்டுநர் தன் தாளைக் காட்டினார்: "பெரியவர்கள் 2". இரண்டாமவருக்காகக் காத்திருந்தாராம். அவர் வரமாட்டார், அவருக்கும் சேர்த்துப் பணம் கட்டியவள் நான்தான் என்று கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் புரியவைத்தேன். அவர் முகத்தில் வந்தது இரக்கம். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார் போல.

துலூஸை ஒட்டிய பிளான்யாக்கில், ஏரோஸ்கோப்பியா விமான அருங்காட்சியக வாசலில் என் கையில் இரண்டு நுழைவுச்சீட்டு வந்தது. வரிசையில் பின்னால் நின்ற கல்லூரிப் பையனுக்கு ஒன்றைக் கொடுக்கப் பார்த்தேன். கூடாது, அது உங்கள் முன்பதிவில் வந்தது என்று வழிகாட்டி தடுத்துவிட்டார். மதியம் இரண்டு ரொட்டிப் பொட்டலம், இரண்டு தண்ணீர் பாட்டில். ஓட்டுநரிடம் ஒன்றை நீட்டினேன். வேண்டாம் என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார். நாள் முழுக்க வராத ஒருவரோடு ஊர் சுற்றினேன். ஜன்னலோர இருக்கையும் அவருக்குத்தான், என் பை அங்கே உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டாவது நுழைவுச்சீட்டு இன்னும் கிழிக்கப்படாமல் என் கைப்பையில் கிடக்கிறது.

இரண்டு கான்கார்டு அங்கே. வெளியே நிற்பது ஏர் பிரான்சில் பறந்தது, 2003 ஜூனில் அங்கே வந்து இறங்கியதோடு சரி. உள்ளே நிற்பது சோதனைக்கென்று பறந்தது. அதன் குறுகலான வயிற்றுக்குள் பாஸ்போர்ட் அளவு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரமாகிவிட்டது என்று அழைத்தார் வழிகாட்டி. இருவர் பணத்துக்கு இரண்டு மடங்கு நேரமாவது தந்திருக்கலாம். அது மட்டும் ஒரு ஆள் கணக்கு.

அறை வாடகை எனக்குப் புரிகிறது. ஒரு அறையில் இருவர் தங்கினாலும் ஒருவர் தங்கினாலும் விடுதிக்காரருக்கு ஒரே அறைதான். கார் வாடகையும் அப்படியே, அதைச் சொன்னால் தந்துவிட்டுப் போகிறேன். நுழைவுச்சீட்டும் ரொட்டியும் எப்படி இரண்டாகும்? ஒருவர் என்றால் ஒருவருக்கான கட்டணம். இதைத்தான் கேட்கிறேன்.

மோந்தோத்ரானில் வழிகாட்டி ஒன்று சொன்னார். ஆப்பிரிக்காவில், காசாபிளாங்கா – டாக்கார் தடத்தில் தபால் விமானங்கள் ஜோடி ஜோடியாகத்தான் போகுமாம். பாலைவனத்தில் ஒன்றின் இன்ஜின் நின்றால் மற்றது இறங்கி விமானியை ஏற்றிக்கொள்ளும். ஆகா, "குறைந்தபட்சம் இருவர்" விதிக்கு இதுதான் மூலம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அங்கே இரண்டாவது விமானம் நிஜமாகவே பறந்தது, ஐயா. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோய், உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபாலைத் தொடங்கிவைத்தாரே ஆன்ரி பெக்கே, அவரும் பிரெஞ்சுக்காரர்தான். தனியாகத்தான் போனார். யாரும் அவரிடம் இரண்டாவது ஆளுக்குப் பணம் கேட்கவில்லை.

உங்கள் படிவங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "உடன் வருபவர் பெயர்" என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. தொலைபேசியில் பேசிய பெண், "சார் வரலையாம்மா?" என்றாள். சார் போய் ஏழு வருடமாகிறது. விதவை, மணமாகாதவர், விவாகரத்தானவர், கூட்டத்தோடு போகப் பிடிக்காதவர், இவர்களெல்லாம் உங்கள் கணக்கில் பாதி ஆள், கட்டணத்தில் மட்டும் இரண்டு ஆள். நல்ல கணக்கு.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த கட்டணப் பட்டியல் அச்சிடும்போது "குறைந்தபட்சம் இருவர்" என்ற அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால், அதே நாளில் தனியாக வரும் இன்னொருவரை என் வண்டியில் சேர்த்துவிடுங்கள். பேச்சுத் துணையாவது கிடைக்கும். வாகனத்துக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் வாகனக் கட்டணம் என்றே எழுதிக் கேளுங்கள். ஒருவர் என்றால் ஒருவருக்கான கட்டணம், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் சியாட்டில் போக நினைத்திருக்கிறேன், அங்கேயும் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருவர்தான் வருவேன். எவ்வளவு ஆகும் என்று தயவுசெய்து எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பெரியவர் 1